வலது நடுக்கால்

பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. டிக். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டிக். விரித்துப் போட்ட செய்தித்தாளின் மேல் யாரோ கடுகை ஒவ்வொன்றாகப் போடுவது போல.

“உன் பொண்ணுங்க முட்டை போட ஆரம்பிச்சுட்டாங்க,” என்றார் கணவர். ஸ்டூலின் மேல் ஏறி நின்று, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எங்கே கண்ணாடியைப் பார்த்தாலும் அவர் கை சும்மா இருக்காது.

“துடைக்காதீங்க. கழட்டுங்கன்னுதானே சொன்னேன்,” என்றாள் ஊசியக்கா.

“பத்து மணிக்கு வர்றவர் இதுக்காகத்தானே வர்றார்? முதல்ல கண்ணுல படட்டுமே.”

“இதுல இருக்கறது பொய்னு அவர்கிட்ட சொல்லப் போறேன். அதைப் பளபளன்னு துடைச்சு வேற வைக்கணுமா?”

கணவர் துடைத்து முடித்து, ஊதிப் பார்த்து, இன்னொரு முறை துடைத்தார். இருபத்திரண்டு வருடமாக இதே சண்டை. இந்த வீட்டில் இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று. இரண்டு முறையும் சட்டம் சுவரிலிருந்து இறங்கிப் பழைய ஆணிக்கே திரும்பிப் போயிருக்கிறது.

சட்டத்துக்குள் இருந்தது ஓர் ஆய்விதழின் முதல் பக்கம். நீளமான ஒரு பூச்சியின் கோட்டுச் சித்திரம். அதன் கீழே இரண்டு சொல்லில் ஒரு லத்தீன் பெயர். இரண்டாவது சொல் ஊசியக்காவின் சொந்தப் பெயர். வாலில் மட்டும் இரண்டு லத்தீன் எழுத்து. உலகத்தில் பதிவான குச்சிப்பூச்சி இனங்களில் ஒன்றுக்கு அவள் பெயர். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் கணவர் முதலில் இதைச் சொல்வார், அப்புறம்தான் பார்வை எவ்வளவு என்று கேட்பார். நாத்தனார் வரும்போதெல்லாம், “உன் பேர்ல ஒரு பூச்சி ஊர்ந்துகிட்டு இருக்கு, எங்க தம்பி பேர்ல ஒரு கொசுவாவது உண்டா?” என்று தம்பியைச் சீண்டாமல் போனதில்லை.

ஊர்ந்துகொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வியே.

இருபத்து மூன்று வயதில் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். காட்டிலிருந்து முக்கோணமாக மடித்த காகிதப் பொட்டலங்களில் காய்ந்த பூச்சிகள் வரும். அவற்றை ஈரப்பெட்டியில் வைத்து இளக்கி, கால்களை விரித்து, ஊசி குத்தி, சீட்டெழுதி, இழுப்பறையில் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது. அந்த வேலையால்தான் ஊசியக்கா என்ற பெயர் வந்தது. அவளைவிடப் பத்து வயது பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

குச்சிப்பூச்சிகள் வந்தால் மற்றவர்கள் ஓடிப் போவார்கள். அவ்வளவு ஒடிசல். உடம்பு ஒரு விரற்கடை தடிமன்கூட இல்லாமல் சாண் நீளத்துக்கு மேல் போகும். அதில் பாதி நெஞ்சுப் பகுதிதான். முன்னங்கால்களின் தொடையில் அடிப்பக்கம் ஒரு சின்ன வளைவு இருக்கும். கால்களை முன்னே நீட்டும்போது தலை அந்த வளைவுக்குள் கச்சிதமாக அடங்கி, முகமே இல்லாத குச்சியாகிவிடும். நடுக்கால்கள் நடுநெஞ்சின் பின்கோடியில் தொடங்கும். தொட்டால் போதும், கழன்று கையோடு வந்துவிடும். அப்படிக் கழன்ற கால்களை அரக்கைச் சாராயத்தில் கரைத்த பசையால் ஒட்டுவது அவள் வேலை.

பிரிவின் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பொட்டலத்தின் அடியில் உதிரிக்கால் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. எந்தப் பூச்சியின் கால் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தனி மாத்திரைக் குப்பியில் போட்டு, ‘உதிரி’ என்று எழுத வேண்டும் என்பது விதி. பெரியவருக்கு அந்தச் சொல்லே ஆகாது. “உதிரின்னு எழுதறது சோம்பேறித்தனம்,” என்பார்.

சேர்ந்த ஐந்தாம் மாதம் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே இரண்டு பூச்சிகள், ஒரு கால். ஒரு பூச்சி வழவழப்பானது, கொய்யாச் செடியில் எங்கும் பார்க்கக்கூடிய சாதாரண வகை போல. அதற்கு நடுக்கால் இரண்டுமே இல்லை. இன்னொன்று உடம்பெல்லாம் முள்ளும் முடிச்சுமாக இருந்தது; அதற்கு மூன்று கால் இல்லை. உதிர்ந்து கிடந்த கால் வழவழப்பானதன் பக்கத்தில் கிடந்தது. தொடையில் இலைத் துணுக்குப் போல இரண்டு மடல் நீட்டிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு நேரம் முடிந்து பெரியவர் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் அரக்கைத் தொட்டு, வழவழப்பான பூச்சியின் வலது நடுக்கால் இடத்தில் அதை வைத்தாள். சரியாக உட்காரவில்லை. இன்னொரு சொட்டு வைத்தாள். உட்கார்ந்தது.

ஒட்டுகிறவர்களுக்கு உருப்பெருக்கி கொடுக்கும் வழக்கம் அப்போது இல்லை.

அடுத்த வருடம் பெரியவர் அந்த இழுப்பறையைத் திறந்தார். வழவழப்பான உடம்பு, நடுத்தொடையில் மடல்! அப்படி ஓர் இனம் அதுவரை எந்த நூலிலும் இல்லை. பெரியவர் மூன்று நாள் சாப்பாட்டையே மறந்து வரைந்தார், அளந்தார், எழுதினார். அந்த ஒரு பூச்சியை மூலமாதிரி என்று அறிவித்துச் சிவப்புச் சீட்டு வைத்தார். இனி எந்தக் காலத்திலும் அந்தப் பெயரைச் சொன்னால் அந்த ஒற்றை உடம்பைத்தான் குறிக்கும். கடைசியில், இவ்வளவு நேர்த்தியாகப் பதப்படுத்திய கைக்கு மரியாதையாக அவள் பெயரையே வைத்தார். அன்று அவள் பிரிவின் பின்கட்டுக்குப் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான். அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போது இப்போதும் அவளுக்குக் காது மடல் சுடும்.

பதிமூன்று வருடம் அந்தச் சந்தோஷம் நீடித்தது. பள்ளிக்கூடங்களுக்குக் காட்டுவதற்காகச் சாதாரணக் குச்சிப்பூச்சிகளை வீட்டுப் பின்னறையில் வலைப்பெட்டியில் வளர்க்கத் தொடங்கியிருந்தாள். ஒரு குஞ்சு தோலுரிக்கும்போது கால் சிக்கிக்கொண்டது. அது காலைத் தானே கழற்றி எறிந்துவிட்டு நடந்தது. தொடைக்கும் இடுப்புக் கணுவுக்கும் நடுவில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது; அங்கே துண்டித்துக்கொண்டால் ரத்தம் ஒழுகாது. மறுநாள் அந்த இடத்தில் ஒரு கரிய மணி. சின்ன மிளகு மாதிரி, மூடி முத்திரை வைத்த மாதிரி. செத்த பிறகு கால் உடைந்த இடம் அப்படி இருக்காது. உறிஞ்சுகுழல் போல ஓட்டை தெரியும்.

ஊசியக்கா அந்த மணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பதினாலு வருடத்துக்கு முன்னால் சரியாக உட்காராத அந்தக் கால் அவள் விரல் நுனியில் மறுபடி வழுக்கியது. அது குழியில் உட்காரவில்லை. ஏதோ ஒரு மணியின் மேல் உட்கார்ந்தது. அதனால்தான் இரண்டாவது சொட்டு.

உயிரோடிருந்தபோதே அந்தப் பூச்சி தன் காலை எங்கோ காட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. ஆறிய புண்ணின் மேல் அவள் இன்னொரு பூச்சியின் காலை ஒட்டியிருக்கிறாள்.

மறுநாளே பெரியவரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஒட்டற வேலை உங்களுது. பார்க்கிற வேலை என்னுது. நான் பார்த்தாச்சு,” என்றார்.

அதோடு சரி. ஊசியக்கா எழுத ஆரம்பித்தாள். அடுத்த தலைவருக்கு ஒரு கடிதம். மூலமாதிரியைத் தொட வேண்டுமானால் அதிகாரி நிலையில் இருப்பவர் விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அவளே விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தி செய்தாள்; பதவி என்ற கட்டத்தில் ‘பதப்படுத்துநர்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இயக்குநருக்கு இரண்டு கடிதம். ஆய்விதழுக்கு ஒன்று, அது மூடப்பட்டுவிட்டதாக உறை திரும்பி வந்தது. ஒவ்வொன்றையும் நகலெடுத்து, பெறப்பட்டது என்ற முத்திரையோடு ஒரு பச்சைக் கோப்பில் கோத்து வைத்தாள். ஓய்வு பெறும் நாளில்கூட, அந்தப் பூச்சி இருந்த இழுப்பறைச் சாவியை ஒப்படைக்கும்போது வாய் திறந்தாள். சாவி வாங்கினவர், “அக்கா, போற நேரத்துல எதுக்கு வம்பு, கேக் வெட்டுங்க,” என்றார்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கணவர் கேட்பார். ஒரு பூச்சி, அதுக்கு ஒரு பேர், எங்கேயோ ஒரு புத்தகத்துல ஒரு வரி. அது இருந்தா யாருக்கு வலிக்குது? ஊசியக்காவிடம் அதற்குப் பதில் இருந்தது. தேடிப் போகிறவர்களுக்கு.

இப்போது வரப்போகிறவர் அப்படித் தேடிப் போகிறவர். நாட்டிலுள்ள குச்சிப்பூச்சிகள் அத்தனைக்கும் புதிய பட்டியல் தயாரிக்கிற நிபுணர். மூன்று மழைக்காலம் அந்த மலைக்குப் போய், மடல் தொடைப் பூச்சியைத் தேடித் தேடி, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். நாலாவது முறையாக வரும் வியாழக்கிழமை புறப்படுகிறார். அதற்கு முன், பொட்டலம் மலையில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சீட்டெழுதியவரிடமே கேட்டுவிட வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார். ஊசியக்கா, நேரில் வாங்க என்று மட்டும் சொன்னாள். கையில் மூலமாதிரியும் இருக்கும் என்றார். அவளுக்கு அதைக் கேட்டபோது முதுகில் வேர்த்தது.

பத்தேகாலுக்கு மணி அடித்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. இடது முழங்காலை மடக்காமல் நடந்தார். மார்போடு ஒரு மரப்பெட்டியைப் பச்சைக் குழந்தை போல அணைத்துப் பிடித்திருந்தார். சட்டத்தைப் பார்த்ததும் நின்று, கைகூப்பாத குறையாகத் தலைகுனிந்தார். கணவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

தேநீர் வந்தது. நிபுணர் அதைத் தொடாமலே பேசினார். இரண்டாவது பயணத்தில் பாறையில் வழுக்கி முழங்கால் போனதைச் சொன்னார். அந்த மலையில் அட்டை கடிக்காத இடம் நாக்கு மட்டும்தான் என்றார். கணவர் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது.

“மூணாவது தடவை போயிருந்தப்பதான் மேடம், எங்கப்பா போயிட்டார். அங்க சிக்னல் கிடையாது. ரெண்டு நாள் கழிச்சு அடிவாரத்துக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. எல்லாம் முடிஞ்சிருந்துது. அதனாலதான் விட மனசு வரலை. அவ்வளவு கொடுத்தாச்சு, கையில ஒண்ணாவது கிடைக்கணும்ல.”

ஊசியக்கா காலையிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

“சார், அங்க ஒண்ணும் கிடைக்காது,” என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார். அவள் சொன்னாள். பொட்டலத்தைச் சொன்னாள், இரண்டு பூச்சிகளைச் சொன்னாள், செருப்புச் சத்தத்தைச் சொன்னாள். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்தது. அவள் முடித்ததும், முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தி ஒட்டின ஒரு கால் இவ்வளவு துல்லியமாக எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டார். ஒரு நாளைக்கு நாற்பது பூச்சி என்கிறீர்களே, வேறொரு பூச்சியோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கலாமே என்றார். நியாயமான கேள்விதான். அதனாலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பின்னறைக்குப் போய்ச் செய்தித்தாளை அப்படியே சுருட்டி எடுத்து வந்து மேஜையில் கொட்டினாள். விதைகள் போலப் பத்துப் பதினைந்து முட்டைகள் உருண்டன. ஒரு முனையில் மூடி, பக்கவாட்டில் நீளமாக ஒரு தழும்பு. குச்சிப்பூச்சியில் உடம்பு ஏமாற்றும், நிறம் ஏமாற்றும், முட்டை ஏமாற்றாது. ஒவ்வோர் இனத்துக்கும் மூடியும் தழும்பும் வேறு வேறு. இதெல்லாம் கொய்யாச் செடியில் கிடைக்கிற சாதாரண இனத்தின் முட்டை என்றாள். மூலமாதிரிக்கு ஊசி குத்தினபோது வயிற்றிலிருந்து வந்த ஒற்றை முட்டை அதே ஊசியில் ஒரு குப்பியில் இருக்கும், வைத்துப் பாருங்கள் என்றாள்.

அவர் பெட்டியைத் திறந்தார். முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகும் அது அதே நிலையில் இருந்தது. மங்கிய பழுப்பு. அவள் கையெழுத்தில் சீட்டு. வலது பக்கம் அந்தக் கால், இரண்டு மடலையும் நீட்டிக்கொண்டு. உருப்பெருக்கியால் முட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“நெருங்கின இனமா இருந்தா முட்டையும் ஒரே மாதிரி இருக்கும் மேடம். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அப்போ காலைக் கழட்டிப் பாருங்க.”

“என்ன சொல்றீங்க? இது மூலமாதிரி.”

“அரக்குதான் சார். ஒரு சொட்டு சாராயம் வெச்சா இளகிடும். சொந்தக் காலா இருந்தா அடியில ஓட்டை இருக்கும், நானே மறுபடி ஒட்டித் தர்றேன். இல்லேன்னா மணி இருக்கும். ரெண்டு நிமிஷ வேலை. இருபத்திரண்டு வருஷமா இந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருக்கேன்.”

முடியாது என்றார் அவர். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அருங்காட்சியகத்தில் எழுதிக் கொடுத்து, குழு கூடி, அனுமதி வந்து… அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு சொல்லும் ஊசியக்காவுக்கு மனப்பாடம். அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

“குழு எப்போ கூடும்?”

“ஆறு மாசம் ஆகலாம்.”

“நீங்க எப்போ மலைக்குப் போறீங்க?”

அவர் பெட்டியின் மூடியைக் கையில் எடுத்தார்.

“வியாழக்கிழமை,” என்று அவளே சொன்னாள். “ஒரு முழங்கால் மிச்சம் இருக்கு, அதையும் கொடுத்துட்டு வாங்க.”

“ஏம்மா,” என்றார் கணவர் கண்டிப்பது போல.

நிபுணர் எழுந்து ஜன்னலருகே போனார். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் மறுபடி மறுபடி உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டி கிளம்பும்வரை அவர் அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, சாராயம் இருக்கிறதா என்று கேட்டார். அவள் எழுந்திருப்பதற்குள், தான்தான் செய்வேன், நீங்கள் கை வைக்கக் கூடாது என்றார்.

மெல்லிய தூரிகை கொண்டு வந்தாள். கணவர் கடை விளக்கைக் கொண்டு வந்து பிடித்தார். முதல் சொட்டு ஊறியது. அவர் இடுக்கியால் தொட்டார், அசையவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை ஊசியக்கா பார்த்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

“இன்னொண்ணு வைங்க. நான் ரெண்டு சொட்டு வெச்சிருக்கேன்.”

இரண்டாவது சொட்டு. அரக்கு தேன் நிறத்தில் கசிந்தது. கால் தானே சாய்ந்து, அட்டையின் மேல் சத்தமில்லாமல் விழுந்தது.

நிபுணர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு உருப்பெருக்கியைக் கணவரிடம் நீட்டினார். கணவர் வாழ்க்கையில் முதல்முறையாக மனைவியின் பூச்சியை உருப்பெருக்கியில் பார்த்தார். கரிய, உருண்டையான, முழுதாக மூடிய ஒரு மணி. வெளிறிய அரக்குக்கு நடுவில் பளபளத்தது.

“இருக்கு,” என்றார் கணவர், மெல்ல.

ஊசியக்கா பார்க்கவில்லை. அவளுக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நாள் நினைத்திருந்தது போல மனசு லேசாகவும் இல்லை. ஒரு பெண்ணின் பெயர் அட்டைமேல் தனியாகக் கழன்று கிடந்தது. அதைக் கழற்றத்தான் இத்தனை வருடம் போராடினாள். கழன்றதும் அழுகை வந்தது.

நிபுணர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

“ஏன் இதை முன்னாடியே சொல்லலை?” என்றார். “மூணு வருஷம் மேடம். ஒரு வார்த்தை, ஒரு தகவல்… எங்கப்பா கடைசி நேரத்துல என்னைக் கேட்டுட்டே இருந்தாராம். ஒட்டினது நீங்க, தெரிஞ்சதும் உங்களுக்கு. எழுதிப் போட உங்களுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் கிடைக்கலையா?”

ஊசியக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பதில் இருந்தது. அலமாரியின் இரண்டாவது தட்டில், பச்சைக் கோப்பில் இருந்தது. அதைச் சொன்னால் இந்த மனிதர் உடைந்துபோவார் என்று தெரிந்ததால் வாயை இறுக மூடிக்கொண்டாள். தப்பு என்னுதுதான் சார், மன்னிச்சுக்குங்க என்று மட்டும் சொன்னாள்.

கணவர் விளக்கை மேஜைமேல் வைத்தார். நேராக அலமாரிக்குப் போனார்.

“வேணாங்க,” என்றாள் அவள்.

“நீ சும்மா இரு. உன்னை யாரு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாமா? நான் சொல்லலாம். நான் புருஷன். வேற யாரும் சொல்லக் கூடாது.”

கோப்பைத் திறந்து, நகல்களைப் புரட்டி, கடைசிக் கடிதத்தை நிபுணர் முன்னால் வைத்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. முதல் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு. பெறுநர் இடத்தில் நிபுணரின் பெயர். இரண்டு பக்கம், கால், அரக்கு, மணி எல்லாம் அதில் இருந்தது. அதோடு குத்தியிருந்த பதில் இரண்டே வரி. தங்கள் கடிதம் கிடைத்தது. தொழில்நுட்பப் பணியாளர்களின் கருத்துகள் உரிய நேரத்தில் கவனத்தில் கொள்ளப்படும். கீழே அவருடைய கையெழுத்து. சுழித்துச் சுழித்துப் போடுகிற, இன்றும் மாறாத கையெழுத்து.

அவர் அதைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று முணுமுணுத்தார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கணவர் கோபமெல்லாம் வடிந்து, கோப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு நிபுணர் நோட்டை எடுத்து எழுதினார். மூலமாதிரியின் வலது நடுக்கால் வேறு இனத்தைச் சேர்ந்தது, பின்னர் ஒட்டப்பட்டது, உடல் சாதாரண இனத்தினுடையது. எழுதியதைப் படித்துக் காட்டினார். பயணம் இல்லை என்றார். பட்டியலில் இனி இது தனி இனமாக இருக்காது, அந்தச் சாதாரண இனத்தின் கீழே, செல்லாத பெயராகச் சின்ன எழுத்தில் வரும் என்றார். அதை முழுவதும் அழிக்க முடியாது. வைத்த பெயர் வைத்ததுதான், வேறு எந்தப் பூச்சிக்கும் திருப்பிக் கொடுக்கவும் கூடாது.

“பின்னர் ஒட்டப்பட்டதுன்னு இருக்கே. யார் ஒட்டினதுன்னு எழுதலையே,” என்றாள் ஊசியக்கா.

“அப்படி எழுதற வழக்கம் இல்லை.”

“நல்லா பண்ணினேன்னு என் பேரை வெக்கிறதுக்கு வழக்கம் இருந்துச்சு. தப்பாப் பண்ணினதுக்கு மட்டும் ஆளே இல்லையா? என் பேரைப் போட்டு, நான்தான் ஒட்டினேன்னு எழுதுங்க சார். நானே எழுதித் தெரிவிச்சேன்னும் எழுதுங்க. எந்த வருஷம், யாருக்குன்னும் எழுதுங்க.”

“பட்டியல்ல அதுக்குக் கட்டம் கிடையாது,” என்றார் அவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “பார்க்கிறேன்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

பார்க்கிறேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேர் அவளிடம் இதே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவர்கூடப் பார்த்ததில்லை. இவராவது ஒரு மணியைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

கழன்ற காலை ஒரு மாத்திரைக் குப்பியில் போட்டு, சீட்டு எழுதித் தரும்படி அவரே கேட்டார். ஊசியக்கா சின்ன எழுத்தில் ‘உதிரி’ என்று எழுதினாள். அவர் உடம்பையும் காலையும் தனித்தனி ஊசியில் பெட்டிக்குள் வைத்து மூடினார். எழுந்தார். வாசல்வரை போனவர் நின்று, அந்தப் பதில் கடிதத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“நகல் தர்றேன் சார்,” என்றாள். “அசல் என்கிட்ட இருக்கட்டும்.”

கணவர் கடைக்கு இறங்கி நகலெடுத்துக்கொண்டு வரும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். நிபுணர் நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மடங்காத காலை முதலில் வைத்து, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் அவர் தலை மறையும்வரை ஊசியக்கா நின்றாள். அப்புறம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.